துணிச்சலுக்குத் தராசு உண்டா?

அடுப்பில் பாலை வைத்துவிட்டுத் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருக்கும் துணிச்சல் மிக்க தாய்மார்களே! (சிரிப்பு)

ஒருவருடைய துணிவைக் காட்டுவது சொல்லா, செயலா? செயலே என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய அம்மையார் என்ன சொன்னாங்க? "நீ எவ்வளவு துணிஞ்சவன், 0 முதல் 10 வரை மார்க் போடுன்னு அவனையே கேட்டாப் போதும். ஜெர்மனியிலே ஆயிரக்கணக்கான பேரை அப்படித்தான் கேட்கிறாங்க"ன்னாங்க. கேட்கிறாங்க, நான் மறுக்கலை. ஆனா நம்ம மாப்பிள்ளையை மாமியார் முன்னாலே கேட்டா 9 போடுவான். மனைவி முன்னாலே கேட்டுப் பாருங்க! (சிரிப்பு, கைதட்டல்)

அதனால்தான் உளவியல் அறிஞர்கள் செயலைப் பார்த்தார்கள். 2002-இல் அமெரிக்காவில் லெஜுயஸ் என்பவரும் அவர் குழுவினரும் ஒரு பலூன் சோதனையை வெளியிட்டார்கள். கணினித் திரையிலே பலூன். ஒருமுறை ஊதினால் 5 சென்ட் சேரும். எப்போது வேண்டுமானாலும் நிறுத்திக் காசை எடுத்துக்கொள்ளலாம். வெடித்துவிட்டால் அந்தப் பலூன் காசு அத்தனையும் போச்சு. எப்போ வெடிக்கும்? தெரியாது. இப்படி 90 பலூன். வெடிக்காத பலூன்களை எத்தனை தடவை ஊதினான் என்பதுதான் அவன் மார்க்.

பலூன் விளையாட்டு நமக்கு எதற்கு என்பீர்கள். நம் நாட்டுக்கே வாருங்கள். மகாராஷ்டிரத்தின் சோலாப்பூர், அகோலா, அன்றைய ஆந்திரத்தின் மகபூப்நகர். மழையை நம்பிய மானாவாரிக் கிராமங்கள். பொருளாதார அறிஞர் ஹான்ஸ் பின்ஸ்வாங்கர் அங்கே விவசாயிகளிடம் காசு சுண்டினார். "பேசாமல் 50 ரூபாய் வாங்கிக்கொள். இல்லையென்றால் ஒரு பந்தயம். தோற்றால் 30, வென்றால் 150. இன்னும் துணிச்சலா? தோற்றால் ஒன்றுமில்லை, வென்றால் 200." வெறும் பேச்சில்லை ஐயா, உண்மைப் பணம்! பெரிய பரிசு ஒரு கூலிக்காரரின் மாத வருமானத்தைத் தாண்டும். முதலில் அவரும் வாயால்தான் கேட்டுப் பார்த்தார். அந்தப் பதில்கள் காசு வைத்து ஆடியபோது வந்ததோடு ஒத்துப்போகவில்லை. அம்மையார் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

1980-இல் முடிவு வெளிவந்தது. சின்னத் தொகையில் ஆளுக்கொரு விதமாக ஆடியவர்கள், தொகை பெரிதானதும் ஏறக்குறைய எல்லாருமே நிதானமாக, ஓரளவு ஒதுங்கியே ஆடினார்கள். பணக்காரன் கொஞ்சம் கூடத் துணிந்தானா? சொல்லிக்கொள்ளும்படி இல்லை. ஏழைக்குத் துணிச்சல் குறைவு என்று காலங்காலமாகச் சொன்னார்களே, அது எங்கே போச்சு?

எதிரணித் தம்பி 2017 ஆராய்ச்சியைத் தூக்கி வீசினார். 1507 பேர், 39 விதமான அளவீடுகள். வாயால் சொன்னவை ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றன, விளையாட்டுச் சோதனைகள் ஒத்துப்போகவில்லை. பலூனிலே துணிந்தவர் இன்னொரு ஆட்டத்திலே பின்வாங்குகிறார். நல்ல அடிதான் தம்பி, வலிக்குது. (சிரிப்பு) எல்லாச் செயலுக்கும் ஒரே தராசு கிடையாது என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வாய் மாறாமல் ஒரே பேச்சைப் பேசுவதாலேயே அது உண்மையாகிவிடுமா? நம்ம ஊர்ச் சாட்சிக்காரர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்றையும் நானே சொல்லிவிடுகிறேன், என் கட்சிக்கே இடிக்கும். நான் எட்டாவது படிக்கும்போது எங்கள் ஊருக்குப் புது நெல் விதை வந்தது. பெரிய பண்ணைக்காரர்கள் நட்டார்கள். என் அப்பா நடவில்லை. விதையோடு வந்த அலுவலர் ஒருவர் ஊர் முன்னால், "உமக்கு நெஞ்சிலே தைரியமே கிடையாதய்யா" என்றார். அப்பா பதில் பேசவில்லை. செயல்தான் அளவுகோல் என்றால் என் அப்பா கோழைதானே?

அந்தக் காசு ஆட்டத்தைத் திரும்பப் பாருங்கள். தோற்றால் யாருக்கும் கைக்காசு போகவில்லை. எல்லாருக்கும் ஒரே பந்தயம். அங்கே ஏழையும் பணக்காரனும் ஒன்றாகத்தான் துணிந்தார்கள். வயலில் மட்டும் ஏன் வேறாக நடக்கிறார்கள்? ஒருவனுக்குக் கடன் கிடைக்கிறது, உரம் கிடைக்கிறது, விளைந்ததை விற்க வழி இருக்கிறது. மற்றவனுக்கு இல்லை. பின்ஸ்வாங்கரே இப்படித்தான் எழுதினார்.

இரண்டு வருஷம் கழித்து அப்பாவுக்குக் கூட்டுறவுக் கடன் கிடைத்தது. மூணு ஏக்கரையும் ஒரே நடவாகப் புது விதையிலே போட்டார். அம்மாதான் பயந்தாள்.

நடுவர் மணியைத் தொடுகிறார்.