முள்ளும் தோலும்: கருத்தரங்குத் தலைமை உரை



திருத்தணி மலைக்குப் படியேற வருகிறவர் முதலில் செய்வது செருப்பைக் கழற்றுவது. 365 படிகளையும் வெறுங்காலோடு ஏறுவதுதான் வழக்கம். இங்கிருந்து வடக்கே, காளத்தியில், ஒரு வேடர் செருப்புக் காலோடு சிவலிங்கத்தின் மீதே அடி வைத்தார். அவரை நாயன்மார்களில் ஒருவராகச் சைவம் கும்பிடுகிறது. கண்ணப்பர் கதை தெரியாத சைவர் இல்லை. அந்தச் செருப்பைத் தைத்த கை யாருடையது என்று கேட்டவர்கள்தான் குறைவு. தோற்கலைகளைப் பற்றிய இக்கருத்தரங்குக்கு அந்தக் கேள்வியே வாசல்.

அதே கேள்வியோடு தொலைதூரக் காலணி ஒன்றைப் பார்ப்போம். கனடாவில் கியூபெக் நகருக்கு அருகே வெண்டேக் என்றோர் ஊர். ஹியூரான்-வெண்டாட் பழங்குடியினர் 1697 முதல் அங்கே குடியிருக்கிறார்கள். அவர்களுடைய ‘மொக்கசின்’ மென்தோல் காலணி. பாதத்தைச் சுற்றித் தோலை மடித்து, முன்பக்கம் சுருக்கி வைத்துத் தைப்பார்கள். விலங்கின் மூளையைத் தேய்த்துத் தோலைப் பதப்படுத்தியபின் புகையூட்டுவார்கள். புகை ஏறிய தோல் நனைந்து காய்ந்தாலும் விறைத்துப்போகாது. அலங்காரத்துக்கு முள்ளம்பன்றி முள். அதை ஊறவைத்து, பல்லிடுக்கில் வைத்து இழுத்துத் தட்டையாக்கி, சாயமேற்றி, தையலின் மீது மடித்து மடித்துப் பதிப்பார்கள். பின்னாளில் கறுப்புச் சாயம் ஏற்றிய தோலில் மூஸ் மானின் முடியால் பூவேலை செய்வதில் வெண்டாட் பெண்கள் பெயர் பெற்றார்கள்.

முள்ளம்பன்றி இந்தியக் காடுகளிலும் உண்டு. பிறகு ஏன் இங்கே செருப்பில் அந்த வேலை இல்லை? பாதி விடை முள்ளிலேயே இருக்கிறது. வட அமெரிக்க முள் விரல் நீளம்தான், மெல்லியது. ஊறினால் வளைந்து கொடுக்கும். இந்திய முள்ளோ ஓரடி வரை நீளும், தடித்தது, மடித்துத் தைக்க ஆகாது. அதனால் அது தோல்காரரிடம் போகாமல் தச்சரிடம் போனது. இலங்கையின் காலியிலும், அன்று சென்னை மாகாணத்தில் இருந்த விசாகப்பட்டினத்திலும் 19ஆம் நூற்றாண்டில் முள் பெட்டிகள் செய்தார்கள். மரச்சட்டத்துக்குள் முட்களை வரிசையாக அடுக்குவார்கள். முள்ளின் இயற்கையான கறுப்பு வெள்ளைப் பட்டைகளே அலங்காரம், சாயம் தேவையில்லை. வாங்கியவர்கள் பெரும்பாலும் ஐரோப்பியர். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் முள்ளம்பன்றியையும் காக்கிறது. ஆகவே அந்தக் கலை இனி இந்தியாவில் அருங்காட்சியகத்துக்குரியது.

தோல் பதனிடுவதில் இந்த வட்டாரம் யாருக்கும் இளைத்ததல்ல. இராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி எல்லாம் இந்தப் பகுதியின் தோல் ஊர்கள். சுண்ணாம்புத் தொட்டியில் போட்டு மயிரை நீக்கி, உட்புறத் தசையைச் சுரண்டி, ஆவாரம்பட்டைச் சாற்றில் ஊறப்போட்டு, கடுக்காய் நீரில் முடித்து எடுப்பார்கள். அப்படிப் பதப்பட்ட தோல் ‘கிழக்கிந்தியத் தோல்’ என்ற பெயரில் லண்டன் சந்தைக்குக் கப்பலேறியது. அங்கே சப்பாத்தாகவும் புத்தக அட்டையாகவும் மாறியது. குரோம் பதனிடுதலை இங்கே கொண்டுவந்ததில் முன்னின்ற ஆல்பிரட் சாட்டர்டன், 1904இல் மாகாணத்துத் தோல் தொழிலைப் பற்றித் தனி நூலே எழுதினார். அடையாற்றில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் 1948இல் வந்தது.

ஆக, தோலுக்கு வரலாறு இருக்கிறது, வணிகத்துக்கும் இருக்கிறது. ஊருக்கெல்லாம் செருப்புத் தைத்த அருந்ததியர் கைவினைஞருக்கு அதில் பெயர் இல்லை. இது தற்செயல் அல்ல; தோலைத் தொட்டவரைத் தள்ளிவைத்த சாதிதான் அவர் பெயரையும் ஏட்டுக்கு வெளியே நிறுத்தியது. வெண்டேக்கில் மொக்கசினும் பனிக்காலணியும் செய்த மார்கெரித் வின்சென்ட் (1783–1865) என்ற பெண்ணுக்குக் கனடாவின் தேசிய வாழ்க்கை வரலாற்று அகராதியில் தனிப் பதிவு உண்டு. அவருடைய காலத்தில் இந்த வடஆர்க்காட்டு வட்டாரத்தில் செருப்புத் தைத்த ஒருவரின் பெயரையாவது இந்த அவையில் யாராலும் சொல்ல முடியுமா?

திருத்தணி 1960 ஏப்ரல் வரை ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. இங்குள்ள தோல் கைவினைஞர் பலர் வீட்டில் தெலுங்கும் வெளியில் தமிழும் பேசுகிறவர்கள். ஆகவே ஆய்வாளர்கள் இரு மொழியிலும் காது கொடுக்க வேண்டும். குத்தூசியும் உளியும் இன்னும் கையில் வைத்திருக்கும் முதியவர்களின் பேச்சைப் பதிவுசெய்யுங்கள். அவர்கள் விரும்பினால், செய்த பொருளோடு அவர்கள் பெயரையும் ஊரையும் சேர்த்து எழுதுங்கள். அடுத்த கருத்தரங்கில் அவர்களுக்கு மேடையில் நாற்காலி போட வேண்டும்.