ஒத்து ஊதுவது இழிவா?

(உத்தரகோசமங்கைக் கூட்டத்தில் பேசியது)



நான் இன்று பேசப்போவது என்னுடைய குற்றம் ஒன்றைப் பற்றியதாகும். சில மாதங்களுக்கு முன் பக்கத்து ஊர் ஒன்றில் பேசும்போது, சாமியார்களுக்குப் பல்லிளிக்கும் அரசியல்காரர்களை "ஒத்து ஊதுகிறவர்கள்" என்று சொன்னேன். எல்லோரும் கைதட்டினார்கள். கூட்டம் முடிந்ததும் ஒரு பெரியவர் என்னிடம் வந்தார். "ஐயா, நான் முப்பது வருஷம் நாயனத்துக்கு ஒத்து ஊதினவன். யாரிடமும் பல்லிளித்ததில்லை. என் தொழிலை ஏன் வசவாக்குகிறீர்கள்?" என்று கேட்டார். எனக்கு வாய் அடைத்துப்போயிற்று. அன்று சொல்ல முடியாத பதிலை இன்று சொல்ல வந்திருக்கிறேன்.

ஒத்து என்பது என்ன? நாயனத்தைப் போன்ற நீண்ட குழல். அதில் இராகம் வாசிக்க முடியாது; ஒரே சுரந்தான் வரும். அடிப்பக்கத்துத் துளைகளை மெழுகினால் அடைத்துச் சுருதி சேர்ப்பார்கள். ஊதுகிறவன் கன்னத்தில் காற்றைத் தேக்கி வைத்துக்கொண்டு, மூக்கினால் மூச்சை வாங்கி, ஒலி அறாமல் மணிக்கணக்காக ஊதவேண்டும். நாயனக்காரர் எவ்வளவு தூரம் போய் வந்தாலும், எது சரி, எது பிசகு என்று அளப்பதற்கு இருக்கிற தரை இந்த ஒற்றைச் சுரந்தான். அவர் இம்மி விலகினாலும் அதை ஊரறியக் காட்டிக்கொடுப்பது இந்த ஒத்துதான். அப்படியிருக்க, இவனா ஆமாம் போடுகிறவன்? உண்மையில் ஆமாம் போடாதவன் அந்த மேளத்தில் இவன் ஒருவன்தான்!

இந்த ஒரு சொல்லோடு போகவில்லை. வீண் பெருமை பேசினால் "தம்பட்டம் அடிக்கிறான்" என்கிறோம். முகஸ்துதி செய்தால் "ஜால்ரா போடுகிறான்", "தாளம் போடுகிறான்" என்கிறோம். இரகசியத்தை வெளியிட்டால் "பறையடிக்கிறான்" என்கிறோம். ஆனால் ஒரு பெண்ணின் குரலைப் புகழவேண்டுமானால் என்ன சொல்லுகிறோம்? "வீணை போன்ற குரல்" என்கிறோம். வீணை வாசிப்பது என்பதை யாராவது வசவாக உபயோகித்துக் கேட்டிருக்கிறீர்களா? சபையில் பாயின்மேல் உட்கார்ந்து வாசிக்கும் வாத்தியம் புகழ்ச்சிக்கு. தெருவில் நின்று வாசிக்கும் வாத்தியம் இகழ்ச்சிக்கு! நம்முடைய நாக்கிலேயே வருணாசிரமம் குடியிருக்கிறது என்பதற்கு இதைவிட வேறு அத்தாட்சி என்ன வேண்டும்?

பறை என்ற சொல்லுக்கே சொல்லுதல் என்று பொருள் உண்டு. பறைதல் என்றால் பேசுதல். மலையாளத்தார் இன்றைக்கும் அப்படியே பேசுகிறார்கள். நாம் மட்டும் பேச்சை மறந்துவிட்டு ஜாதியை வைத்துக்கொண்டோம்.

ஒலியின் தன்மையைச் சொல்ல நம்மிடம் சொல்லுக்குப் பஞ்சமா? கணீர், கரகரப்பு, கம்மல், குழைவு, பிசிறு, கார்வை என்று படிக்காத கிழவியும் சொல்லுவாள். தப்புக்காரனைக் கேளுங்கள். தோல் நமுத்தால் ஒலி தொங்கிவிடும். நெருப்பில் காய்ச்சினால் இறுகி ஏறும். அடிக்குச்சிக்கு ஒரு சத்தம், சிண்டுக்குச்சிக்கு ஒரு சத்தம் என்று வகை பிரித்துச் சொல்லுவான். இது அனுபவத்தால் வந்த அறிவு. சாஸ்திரக்காரர் சொல்லுவதோ, ஷட்ஜம் மயிலின் குரல், பஞ்சமம் குயிலின் குரல் என்பது! மயில் என்ன சுருதிப்பெட்டி வைத்துக்கொண்டா அகவுகிறது? நம்முடைய பழைய நிகண்டுகளிலும் இதே கதை உண்டு. தமிழிலிருப்பதாலேயே அது அறிவாகிவிடாது.

1941-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழிசை மாநாடு கூடிற்று. 1943-இல் சென்னையில் தமிழிசைச் சங்கம் ஏற்பட்டது. பாட்டு எந்த மொழியில் இருக்கவேண்டும் என்பதற்காகப் போராடினோம், நல்லதுதான். அதற்கும் முன், 1930-ஐ ஒட்டி, செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் நாயனக்காரர் மதுரை சிவக்கொழுந்து தோளில் துண்டு போட்டு வாசித்ததற்கு ஆட்சேபணை கிளம்பியபோது, பட்டுக்கோட்டை அழகிரிசாமி துண்டை எடுக்கவேண்டாம் என்று பக்கத்தில் நின்றார். அன்று தோளில் துண்டு ஏறிற்று. ஆனால் நம் பேச்சில் அவர்களுக்கு இன்னும் மரியாதை ஏறவில்லை.

இனி உங்கள் ஊர்க் கதைக்கு வருகிறேன். இங்குள்ள மரகத நடராசர் மத்தளச் சத்தத்தில் பொடிந்துபோவார் என்று சொல்லி, வருஷம் முழுதும் சந்தனம் பூசி மூடி வைத்திருக்கிறார்கள். மார்கழித் திருவாதிரையை ஒட்டி மட்டும் அதைக் களைகிறார்கள். உலகத்தையே ஆட்டுவிக்கும் ஆட்டக்காரருக்குத் தாளம் ஆகாதாம்! கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஒலி என்பது காற்றின் அதிர்வு. காது வலிக்கும்படியான பெருஞ்சத்தம்கூட, காற்று நம்மை எப்போதும் அழுத்திக்கொண்டிருக்கும் அழுத்தத்தில் ஏறக்குறைய 5,000-இல் ஒரு பங்குதான். மரகதமோ இரும்புக் கத்தியால் கீற முடியாத கல். அந்தக் கல்லை வெட்டியும் தட்டியும் தேய்த்தும் சிலையாக்கினபோது பொடியாகாதது, தூரத்தில் ஒருவன் தோலைத் தட்டினால் பொடியாகிவிடுமா? பாடினால் கண்ணாடிக் குவளை உடைவதில்லையா என்று சிலர் கேட்கலாம். மெல்லிய குவளை, அதன் சொந்தச் சுருதியிலேயே விடாமல் உரக்கப் பாடினால் உடையக்கூடும். விட்டு விட்டு விழும் மத்தள அடிக்குத் தடித்த கல் அப்படி ஆகாது. சந்தனப் பூச்சு ஒலியைத் தடுக்கும் என்கிறவர்கள், நெற்றியிலும் மார்பிலும் பூசிக்கொண்டு தவிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கட்டும்!

இந்தக் கதையிலும் பழி யார்மேல் விழுகிறது பாருங்கள். கொட்டுகிறவன் மேல்தான் விழுகிறது. பேச்சில் அவன் முகஸ்துதிக்காரன். கோவில் கதையில் சாமியைப் பொடியாக்குகிறவன்!

தோழர்களே! இப்போது பல மேளங்களில் ஒத்தின் இடத்தில் சுருதிப்பெட்டி வந்துவிட்டது. ஊதின ஆள் போய்விட்டான். வசவு மட்டும் நிற்கிறது. பல்லிளிப்பவனைக் குறிக்க "ஆமாஞ்சாமி" என்ற நல்ல சொல் நம்மிடம் இருக்கிறது. அதில் சாமியும் சேர்ந்தே இருக்கிறார்! அதையே உபயோகியுங்கள். அந்தப் பெரியவருக்கு என் பதில் இதுதான்: நான் சொன்னது தப்பு. இனி என் மேடையில் அந்த வசவு வராது. உங்கள் வீட்டிலும் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொண்டு முடித்துக்கொள்ளுகிறேன்.