பெயர் பொறிக்கப்படாத தொண்டர்கள்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



1914ஆம் ஆண்டு முதலாம் உலகப் போர் மூண்டது. காயமுற்ற வீரர்கள் கப்பல் கப்பலாக இங்கிலாந்தில் வந்திறங்கினர். இராணுவ வைத்தியசாலைகளில் இடம் போதவில்லை. அப்பொழுது ஊர்மக்கள் என் செய்தனர்? நகர மண்டபங்களையும், பாடசாலைகளையும், செல்வர் மாளிகைகளையும் வைத்தியசாலைகள் ஆக்கினர். இவ்வாறு பிரித்தானியாவெங்கும் எழுந்தவை 3,000க்கும் மேற்பட்டவை.

1909இல் தொடங்கப்பெற்ற தொண்டர் உதவிப் படையினரே இவற்றின் உயிர்நாடியாயினர். உள்ளூர் வைத்தியர் வந்து பார்ப்பார். பயிற்சி பெற்ற தாதியர் சிலர் இருப்பர். ஏனைய வேலையெல்லாம் பெரும்பாலும் அவ்வூர்ப் பெண்களுடையது. அவர்களுட் பலர் சம்பளமின்றியே உழைத்தனர். டோர்க்கி நகர மண்டபத்தில் அவ்வாறு பணியாற்றிய ஓர் இளம்பெண், மருந்தறையில் நஞ்சுகளைப் பற்றிக் கற்றதைப் பின்னாளில் துப்பறியும் கதைகளிற் பயன்படுத்தினார். அவரே அகதா கிறிஸ்ரி.

போர் முடிந்தது. கட்டில்கள் அகன்றன, மண்டபம் மீண்டும் மண்டபமாயிற்று. போரில் உயிர்நீத்த பெண்களுக்கு 1925இல் யோர்க் பேராலயத்தின் 'ஐந்து சகோதரிகள்' சாளரம் நினைவுச்சின்னமாயிற்று. அருகிலுள்ள மரப்பலகைகளில் அவர்கள் பெயர்களைக் காணலாம். ஆனால், தரை கழுவி, சோறாக்கி, துணி துவைத்துவிட்டு உயிரோடு வீடு திரும்பியவளுக்குச் சின்னம் எது?

செஞ்சிலுவைச் சங்கத்தின் சிறு அட்டைகளே! யார், எங்கே, என்ன வேலை, எத்தனை மணித்தியாலம் என்று அவற்றிற் குறித்து வைத்தனர். காயங்கட்டச் சதுப்புநிலப் பாசி சேகரித்தவர்களும் அத்தொண்டர் வரிசையில் உள்ளனர். நூறாண்டின் பின் அவ்வட்டைகளைப் பார்த்துப் படியெடுத்து, எல்லோரும் இணையத்திற் காணச் செய்தோரும் தொண்டர்களே.

நம் கோயில்களில் உபயகாரர் பெயர் சுவரிலும் மின்விளக்கிலும் இருக்கிறது. தண்ணீர்ப் பந்தலில் நின்றவர், அன்னதானத்தில் கிடாரம் கழுவியவர் பெயர் எங்கே இருக்கிறது? பலன் கருதாத தொண்டுக்குப் பெயர் எதற்கு எனச் சிலர் வினவலாம். பெயரை வேண்டாமை செய்தவரின் பெருமை. பெயரை மறத்தல் பெற்றவரின் சிறுமை.

ஆகவே, இவ்வாண்டு முதல் நம் சங்கத்தில் ஒரு தொண்டர் ஏடு திறப்போம். பெரியோர்கள் நினைவிலிருந்து சொல்லுங்கள்; இளைஞராகிய நாம் எழுதுவோம். கல் நாட்டப் பணம் வேண்டும். இதற்கு ஒரு கொப்பியும் சில மாலைப்பொழுதுகளுமே போதும். ஆனால், சொல்பவர்கள் நம்மோடு இருக்கும்போதே அதைச் செய்தல் வேண்டும்.