வேண்டாம் என்பதற்கு இரண்டு சொல்

தேடி வந்த வாய்ப்பை வேண்டாம் என்று விடுவதற்கு ஆங்கிலத்தில் இரண்டு சொல் உண்டு: 'டர்ன் டவுன்', 'பாஸ் அப்'.

1952-இல் ஐன்ஸ்டைனிடம், இஸ்ரேலின் குடியரசுத் தலைவராக வருகிறீர்களா என்று கேட்டார்கள். பணிவாக மறுத்துவிட்டார். இப்படி ஒருவர் கேட்டு நாம் மறுத்தால் 'டர்ன் டவுன்'. 'பாஸ் அப்' ஆவதற்கு யாரும் கேட்டிருக்க வேண்டும் என்பதில்லை. ஜவுளிக்கடையில் பாதி விலை. பார்த்தும் வாங்காமல் வந்துவிட்டோம் என்றால் 'பாஸ் அப்'.

'இட்' சேரும்போது மட்டும் கவனம். 'டர்ன் டவுன் இட்' தப்பு. 'டர்ன் இட் டவுன்' என்று அது நடுவில்தான் உட்காரும்.

ரேடியோ சத்தத்தைக் குறைப்பதற்கும் 'டர்ன் டவுன்'தான். அதை மட்டும் இப்போது செய்துவிடாதீர்கள்!