மாதர் சுய உதவிக் குழுவும் கடன் திரும்பும் வழியும்

(கிராமக் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களுக்கு நிகழ்த்திய சொற்பொழிவு)



சென்னை மாகாணத்து விவசாயிகளின் கடன் தொல்லையை விசாரித்த பிரெடெரிக் நிக்கல்ஸன் துரை, ஜெர்மனி தேசத்து ரெய்பீசன் சங்கங்களைப் போன்றவை இங்கும் வேண்டுமென்று 1895-ம் வருஷத்தில் தம் அறிக்கையில் எடுத்துரைத்தார். 1904-ல் சட்டம் பிறந்தது. அவ்வருஷமே திரூர் கிராமத்தில் சங்கம் ஏற்பட்டது. ஓர் ஊரார் ஒருவரையொருவர் நன்கறிவர். அந்த அறிமுகமே முதல் ஜாமீன் என்பதுதான் இச்சங்கங்களின் அஸ்திவாரம். ஆயினும், நிலமும் பட்டாவும் பெரும்பாலும் ஆடவர் பெயரிலேயே இருந்தமையால், பெண்மக்கள் நெடுங்காலம் சங்கத்தின் வாயிற்படிக்கு வெளியே நின்றனர். அவசரம் நேர்ந்தால் அடகுக் கடையும் தண்டல்காரருமே அவர்களுக்குக் கதி.

இக்குறையைத் தீர்க்க எழுந்தவையே மாதர் சுய உதவிக் குழுக்கள். தமிழ்நாட்டில் 1989-ம் வருஷத்தில் தருமபுரி ஜில்லாவில் இம்முயற்சி தொடங்கிற்று. 1992-ல் நபார்டு ஸ்தாபனம் 500 குழுக்களைப் பாங்குகளுடன் இணைக்கும் சோதனையை ஆரம்பித்தது. நிலம் இல்லாதவளுக்கும் அவளுடைய சிக்கனமும் நாணயமுமே ஜாமீனாயின.

இதன் பயனைக் கணக்கிட்டுப் பாருங்கள். பன்னிரண்டு பெண்கள் மாதம் 100 ரூபாய் வீதம் சேர்த்தால், வருஷத்தில் 14,400 ரூபாய் ஆகும். ஒருத்தி வெளியில் 1,000 ரூபாயை நூற்றுக்கு மாதம் பத்து ரூபாய் வட்டிக்கு வாங்கினால், வருஷ வட்டி மட்டும் 1,200 ரூபாய். அசல் அப்படியே நிற்கும். குழுவில் நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டியானால் 120 ரூபாயே. அந்த 120 ரூபாயும் பிறர் பெட்டிக்குப் போகாமல், அவளும் பங்காளியான பொது நிதியிலேயே சேர்கிறது.

ஆனால் கடன் கிடைப்பதே முன்னேற்றம் ஆகாது. அது திரும்பும் வழியை முன்னரே காண வேண்டும். கறவை மாடு ஏறக்குறைய பத்து மாதம் கறக்கும். அடுத்த கன்றுக்கு முன் சுமார் இரண்டு மாதம் பால் வற்றிவிடும். தீவனச் செலவோ நிற்பதில்லை, தவணையும் நிற்பதில்லை. ஆதலால் கறவைக் காலத்திலேயே வற்றுக் காலத் தவணைக்குப் பணம் ஒதுக்க வேண்டும். வெள்ளாட்டுக்குச் சினைக் காலம் ஐந்து மாதம். குட்டி விலைபோக மேலும் பல மாதம் ஆகும். முதல் மாதமே தவணை கேட்டால், கூலிப் பணத்தைக் கொடுக்க நேரும். அதுவும் போதாவிடில் இளங்குட்டியை வந்த விலைக்கு விற்க நேரும். எனவே கடன் மனு வந்தவுடன், "தவணை எந்த வருமானத்திலிருந்து வரும், எந்த மாதம் வரும்?" என்று குழுவில் அனைவரும் கேட்க வேண்டும். தவணையைத் தொழிலின் போக்குக்கு ஏற்பவே அமைக்க வேண்டும்.

இக்கேள்வி கேளாத இடத்தில் துன்பம் நுழைகிறது. பெண் கையொப்பமிடுகிறாள், பணம் கணவனுடைய பழைய கடனுக்கோ வீண் செலவுக்கோ போய்விடுகிறது, தவணை நாளில் தலை குனிபவள் அவளே. ஆந்திரப் பிரதேசத்தில் பல கம்பெனிகள் ஒரே பெண்ணுக்குக் கடன்மேல் கடன் கொடுத்தன. ஒன்றைத் தீர்க்க மற்றொன்று வாங்கும் நிலை வந்தது. வசூல் நெருக்கடி மிகுந்து, 2010-ம் வருஷம் அக்டோபரில் அங்குள்ள சர்க்கார் அவசரச் சட்டம் பிறப்பிக்க நேர்ந்தது.

இத்தகைய கேட்டுக்குக் காப்பாக, தவறாத கூட்டம், தவறாத சேமிப்பு, முறையான உட்கடன், உரிய காலத்தில் திருப்புதல், அன்றன்று எழுதும் கணக்கு என்னும் பஞ்ச சூத்திரம் வகுக்கப்பட்டிருக்கிறது. இவற்றுள் கடைசியானதே மற்ற நான்கையும் காப்பது. ஒவ்வொரு கூட்டத்திலும் ரொக்கப் புத்தகத்தை உரக்கப் படித்து, ஒவ்வொருத்தியின் சேமிப்பும் பாக்கியும் எல்லோர் காதிலும் விழச் செய்க. எழுத்தறியாதவளும் தன் தொகையை மனத்தில் வைத்திருப்பாள். பிசகு இருந்தால் அங்கேயே எழுந்து கேட்பாள். எழுதாத காகிதத்தில் ஒருத்தியும் கையொப்பமோ ரேகையோ வைக்கலாகாது.

சங்கத்துப் பஞ்சாயத்தார் செய்ய வேண்டியது என்ன? குழுவுக்குக் கடன் வழங்குமுன் அதன் கூட்டத்துக்கு ஒருமுறை சென்று, கணக்குப் படிக்கப்படுகிறதா என்று பாருங்கள். கடன் தொகையைக் கணவர் கையிலோ தரகர் கையிலோ கொடாமல், உரியவளிடமே சேருங்கள். வீட்டிலுள்ள ஆடவர், அவள் பெயரில் வந்த பணத்தை அவள் தொழிலுக்கே விடுவாராக. அப்பணத்தில் வாங்கிய மாடு கறந்தால், பால் அவ்வீட்டுக் குழந்தைகளுக்கும் உண்டு. அது அடமானத்துக்குப் போனால், அந்நஷ்டமும் அவ்வீட்டையே சேரும்.