அடிமையைக் கேட்காத ஒப்பந்தங்கள்

(தோட்டத் தொழிலாளர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



அமெரிக்காவில் 1861-இல் மூண்ட உள்நாட்டுப் போரைப் பற்றிப் பேசும்படி என்னைப் பணித்திருக்கிறீர்கள். அந்தப் போர் ஒரே நாளில் வெடித்ததன்று. எழுபது ஆண்டுகளுக்கு மேலாக அந்நாட்டுத் தலைவர்கள் அடிமை முறையைப் பற்றி ஒப்பந்தத்தின் மேல் ஒப்பந்தமாகச் செய்துவந்தார்கள். அவற்றில் ஒன்றிலேனும் அடிமையின் கருத்தை எவரும் கேட்டதில்லை.

1787-இல் அரசியல் சட்டம் எழுதினார்கள். ஒவ்வொரு மாநிலத்துக்கும் எத்தனை பிரதிநிதிகள் என்று கணக்கிடும்போது, ஐந்து அடிமைகளை மூன்று ஆட்களாக எண்ணலாம் என்று முடிவு செய்தார்கள். அடிமைக்கு ஓட்டு இல்லை. அவன் தலையை எண்ணிக் கிடைத்த இடங்களோ எசமானர்களுக்கு! 1820-இல் தேசப்படத்தில் ஒரு கோடு கிழித்தார்கள். மேற்கே புதிதாகக் கிடைத்த பிரதேசத்தில், மிசௌரி நீங்கலாக, கோட்டுக்கு வடக்கே அடிமை முறை கூடாது; தெற்கே தடையில்லை. இங்கிலாந்து ஆலைகளின் பருத்திப் பசி வளர வளர, அடிமைகளின் தொகையும் வளர்ந்தது. 1860-இல் அவர்கள் ஏறத்தாழ 40 லட்சம் பேர்.

1850-இல் செய்த ஒப்பந்தத்தோடு வந்தது, ஓடிப்போன அடிமைகளைப் பிடிக்கும் கடுஞ்சட்டம். கணக்கு எழுதும் கிராணிமார்கள் இதைக் கவனிக்க வேண்டும். பிடிபட்டவரை எசமானனிடம் ஒப்படைத்தால், விசாரித்த அதிகாரிக்குக் கட்டணம் 10 அமெரிக்க வெள்ளி. விடுதலை செய்தால் 5 வெள்ளி! பிடிபட்டவர் தமக்காகச் சாட்சி சொல்ல முடியாது; ஜூரிகளும் இல்லை. அவருக்கு அடைக்கலம் கொடுத்தவருக்கு 1,000 வெள்ளி வரை அபராதம். ஆறு மாதம் வரை சிறை.

அடிமை முறை எங்கோ தெற்கே நடக்கிறது, நமக்கென்ன என்றிருந்த வடபகுதி மக்களின் வாசலுக்கே அது வந்து நின்றது. வர்ஜீனியாவிலிருந்து தப்பி பாஸ்டன் நகரில் வேலை செய்துவந்த ஆண்டனி பர்ன்ஸ் என்பவரை, 1854-இல் பிடித்துப் பட்டாளக் காவலோடு கப்பலுக்கு நடத்திச் சென்றார்கள். தெருவில் கூடிய ஆயிரக்கணக்கானோர் "வெட்கம்! வெட்கம்!" என்று கூவினர். அதே வாரத்தில், 1820-இல் கிழித்த கோட்டையும் கன்சஸ்-நெப்ராஸ்கா சட்டம் அழித்தது. கன்சஸில் இரு தரப்பாரும் துப்பாக்கி தூக்கினார்கள்.

1857-இல் டிரெட் ஸ்காட் என்ற அடிமை தொடுத்த வழக்கில், கறுப்பு மக்கள் நாட்டின் குடிகளாக முடியாது என்று உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்தது. 1860-இல், புதிய பிரதேசங்களில் அடிமை முறை பரவக்கூடாது என்ற லிங்கன் தேர்தலில் வென்றார். இருந்த இடத்தில் அதை ஒழிப்பேன் என்றுகூட அவர் அன்று சொல்லவில்லை. அதையும் பொறுக்காத தென் கரோலினா டிசம்பர் 20-இல் பிரிந்தது. வேறு மாநிலங்களும் பின்தொடர்ந்தன. 1861 ஏப்ரல் 12-இல் சம்டர் கோட்டையின் மீது பீரங்கி முழங்கியது.

அதன் பிறகு அடிமைகள் எவர் கேட்பதற்கும் காத்திருக்கவில்லை. தோட்டங்களை விட்டு வடபட்டாளத்தின் முகாம்களை நோக்கி நடந்தார்கள். ஏறத்தாழ 1,80,000 கறுப்பு வீரர்கள் அந்தப் படையில் சேர்ந்து போரிட்டார்கள். 1865-இல் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது. அதற்குள் ஆறு லட்சத்துக்கும் அதிகமான உயிர்கள் பலியாகிவிட்டன.

தோழர்களே! துன்பப்படுகிறவனை வெளியே நிறுத்திவிட்டு உள்ளே செய்யும் சமரசம், சண்டையைத் தள்ளிப்போடுமே தவிரத் தீர்க்காது. எந்த ஒப்பந்தத்தைக் கண்டாலும் முதலில் ஒரு கேள்வி கேளுங்கள்: இதனால் பாதிக்கப்படுகிறவனுக்கு அந்த மேசையில் நாற்காலி போட்டார்களா?