ஹெரால்டும் அதன் வாரிசும்

விமானம் செய்தோர் படைத்த விசித்திரக் காரான சுவீடனின் 'சாப்' 2011 இல் முறிந்தது. சென்னைக்கும் அத்தகையதொரு வரலாறு உண்டு.

அங்கே 1948 இல் தோன்றிய ஸ்டாண்டர்டு நிறுவனம் 1961 இல் 'ஹெரால்டு' காரை வெளியிட்டது. உருவமைத்தவர் இத்தாலியர் மிக்கலோட்டி. என்ஜின் மூடியை முன்னோக்கிச் சாய்த்தால் மட்கார்டுகளும் உடனெழும். பழுதுபார்ப்பவர் முன்சில்லின்மேல் அமர்ந்தே வேலை செய்யலாம். சுமார் 25 அடி விட்டத்துள் வண்டி திரும்பிவிடும். குறிஞ்சாக்கேணி ஒழுங்கைகளை நினைத்துப் பாருங்கள்! இங்கிலாந்தில் இரு கதவுகளோடு நின்றுவிட்ட அதற்குச் சென்னைத் தொழிலாளர் நான்கு கதவுகள் அமைத்தனர். பிரதி செய்வோரின் வேலையன்று அது.

1972 இல் அது 'கெசல்' ஆயிற்று. அயல்நாட்டுக் கார்கள் உள்ளே வாராத சந்தையில் அதன் குறைகளும் பொறுத்துக்கொள்ளப்பட்டன.

1985 இல் வந்தது 'ஸ்டாண்டர்டு 2000'. ரோவரின் நாகரிக உடல். உள்ளேயோ பழைய வான்கார்டு என்ஜின்! விலை மிகுதி, பெட்ரோற் செலவும் மிகுதி. 1983 இறுதியிலேயே சிக்கனமான மாருதி வீதிக்கு வந்துவிட்டது. கதவைக் கூட்டத் தெரிந்தவர்கள் என்ஜினைப் புதுக்காதது ஏன் என்றே எனக்குக் கேட்கத் தோன்றுகிறது.

1988 இல் கார் உற்பத்தி நின்றது.